துருசடி வயலில் பதினான்கு பங்கு

விளாத்திமோட்டை
19.01.1992

அன்பின் அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் அட்சயாவும் நல்ல சுகத்தோடு இருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வானத்துக்குத்தான் ஏதோ வருத்தம். மார்கழி போய்த் தையும் வந்துவிட்டது, மழையைக் காணோம். ஐப்பசியில் தூறியதை நம்பி விதைத்த பெரும்போகம் முழங்கால் உயரத்தில் நின்றபடியே கருகிவிட்டது. இந்த முறை கடை அரிசியில்தான் பொங்கினோம். குளத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் பிள்ளையார் கோயிலடியில் கமக்காரர் கூட்டம் வைத்தார்கள். வழக்கம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் நீங்கள் போய் எட்டு வருடமாகிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன். இப்படியான வருடத்தில் ஊர் முழுக்க விதைத்தால் வாய்க்கால் மணலே பாதித் தண்ணீரைக் குடித்துவிடும். ஆகவே சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கிற துருசு வாயிலுள்ள வயலை மட்டும் விதைத்து, அதை எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பங்கு பிரிப்பது. அறுவடை முடிந்ததும் வயல் உடையவருக்கே திரும்பிவிடும்.

துருசடி வயல் எட்டு ஏக்கரும் அப்பா உங்களுக்கு எழுதியது. குடும்பம் பதினான்கு, பங்கும் பதினான்கு. இவ்வளவு நாளும் அதை உங்களுக்காகப் பார்த்து விதைத்து வந்த நாங்களும் அதில் ஒரு பங்குதான் எடுப்போம். உடையவர் சொல்லாமல் இந்த ஊரில் ஒருவரும் இன்னொருவர் வயலில் இறங்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் தூரத்தில் இருப்பதால் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி வேண்டும் என்று கூட்டம் கேட்கிறது. பங்குனி முடிவதற்குள் விதைக்க வேண்டும்.

எங்களைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் கடதாசி விசயம் ஆறுதலாகப் பார்க்கட்டாம் என்று இவர் சொல்லச் சொன்னார். இப்போதைக்கு அந்த இரண்டு வரிதான் அவசரம்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தங்கச்சி,
ஜெயமலர்


வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
23.02.1992

அன்பின் மலருக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நீயும் சச்சிதானந்தன் மச்சானும் சுகமென்று அறிந்து ஆறுதல். இங்கே குளிர் எலும்புவரை போகிறது. லோரன்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் மீசை விறைத்துவிடும். கார் ஆசனம் தைக்கிற தொழிற்சாலையில்தான் இன்னமும் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய பேஸ்மென்றில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். வேரோனிக்கா என்று ஒரு வயதான வெள்ளைக்கார ரீச்சர், நல்ல மனுசி. அட்சயாவுக்கு என் ஆங்கிலத்தைக் கேட்டால் சிரிப்பு.

பங்கு விசயம் வாசித்தேன். அப்பாவின் வயல் ஊருக்கு உதவினால் எனக்கும் சந்தோசம்தானே. ஆனால் யார் யாருக்கு என்று பெயர் விவரம் எழுது. ஒன்றும் விடாமல் எழுது. ஒரு கலியாண வீட்டில் நம்மவர்களுடன் இதைப் பற்றிக் கதைத்தேன். ஒருவர் சொன்னார்: "அவதானம் அண்ணை. ஒருக்கா காலை வைக்க விட்டியள் எண்டால் பிறகு காணி போச்சு. நாங்கள் இஞ்ச இருந்து என்ன செய்யிறது?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீ குறை நினைக்கவேண்டாம், விவரம் அறியத்தான் கேட்கிறேன்.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லு.

அண்ணை,
இரத்தினவேல்


விளாத்திமோட்டை
22.03.1992

அன்பின் அண்ணைக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே இவருக்கு இருமல். குளத்தின் மேற்குப் பக்கம் காய்ந்து வெடித்துவிட்டது. பங்குனியிலேயே காற்றுக் கிளம்பி, அந்த வண்டலை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் போடுகிறது. பானை மூடியைத் திறந்தால் சோற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படை. பகலில் கதவைச் சாத்திவைத்துத்தான் சமைக்கிறேன்.

பெயர் கேட்டிருந்தீர்கள். எங்களோடு சேர்த்து ஆறு குடும்பம் நம்முடைய சொந்தம், நீங்கள் எல்லோரையும் அறிவீர்கள். ஏழு குடும்பம் கோயில் ஒழுங்கையில் உள்ளவர்கள். பதின்மூன்று பெயரையும் வேறு தாளில் எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். பிறகு எடுத்து எழுதுகிறேன். பதினான்காவது, கடைசி வாய்க்காலில் இருக்கும் மரியம்மா. புருசன் இல்லை. இரண்டு பெட்டைப் பிள்ளைகள். அவளுக்குக் குளத்தின் கீழே சொந்தமாக முக்கால் ஏக்கர் இருக்கிறது, ஆனபடியால் வழக்கப்படி பங்கும் இருக்கிறது.

உங்களுக்காக விதைப்பைச் சித்திரை வருடப்பிறப்பு கழியும்வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் தள்ள முடியாது. மரியம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை படலைக்கு வெளியே வந்து நின்று கேட்கிறாள்: "அக்கா, ஐயாட்டை இருந்து கடிதம் வந்ததோ?" நான் இல்லையென்று தலையாட்டுகிறேன். அவள் போய்விடுகிறாள்.

தங்கச்சி,
ஜெயமலர்


வவுனியா
12.04.1992

அன்பின் அண்ணைக்கு,

இதைத் தபால் கந்தோர் வாசலில் இருந்து எழுதுகிறேன். பஸ்ஸும் நடையுமாக, இரண்டு சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டி, நேற்றைக்கு வந்தேன். ரெலிபோன் கடையில் பின்னேரம் நாலரை மணிக்கு உங்களுக்கு எடுத்தேன். உங்களுக்கு அப்போது காலை ஏழு மணி, வேலைக்குப் போகமுன் பிடிக்கலாம் என்று கடைக்காரர்தான் கணக்குப் பார்த்துச் சொன்னார். அட்சயா எடுத்தாள். "அப்பா வேலைக்குப் போட்டார் மாமி. ஐ வில் டெல் ஹிம்" என்றாள். குழந்தைக்கு என் குரல் தெரிந்ததே சந்தோசம்.

அண்ணை, அவளுக்குப் பின்னால் நீங்கள் இருமினீர்கள். உங்கள் இருமல் எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் ஏதும் வருத்தமோ? வருத்தமென்றால் எழுதுங்கள். கோபமென்றாலும் எழுதுங்கள். விதைப்புக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஒரு தந்தி அடித்தாலும் கூட்டம் ஏற்றுக்கொள்ளும்.

ஜெயமலர்


வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
18.04.1992

அன்பின் மலருக்கு,

சித்திரைப் புதுவருடம் உங்கள் எல்லோருக்கும் நல்லதாக அமையட்டும். மச்சானின் இருமலுக்கு மிளகும் பனங்கற்கண்டும் கொடு. இங்கே பனி உருகி ரோட்டெல்லாம் சேறு. வேலை கூட, அதனால்தான் எழுதப் பிந்திவிட்டது.

உன் ஊர்ப் புழுதியைப் பற்றி வாசித்த அதே கிழமை வேரோனிக்கா வகுப்பில் ஒரு படம் காட்டினார். ஒரு மரவீடு, ஜன்னல் மட்டத்துக்கு மண் ஏறி நிற்கிறது. அவர் பிறந்த வீடாம். இந்த நாட்டின் நடுவில் சஸ்கச்செவான் என்று ஒரு மாகாணம், முழுக்கக் கோதுமைக் காணி. முப்பதுகளில் வருடக்கணக்காக மழை பெய்யவில்லை. உழுது விட்ட மண் அப்படியே எழும்பிப் பறந்ததாம். மத்தியானத்தில் விளக்குக் கொளுத்தி, ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டி, பிள்ளைகளைச் சாப்பிடவைத்திருக்கிறார்கள். மாட்டுக்கு முட்செடியைப் போட்டார்களாம். பெற்றோலுக்கு வழியில்லாமல் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரையைக் கட்டி இழுத்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வடக்கே போயினவாம். கிழக்குக் கடற்கரையில் இருந்த சனம் இரக்கப்பட்டு ரயிலில் கருவாடு அனுப்பியது. அவர்களுக்குக் கருவாடு சமைக்கத் தெரியாது. சிலர் அதைக் கூரை ஓட்டைக்கு ஆணி அடித்தார்கள் என்று வேரோனிக்கா சொன்னபோது எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு அவர் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துக் காணிக்காரனின் எல்லைக்குள் ஒரு ஓடை வற்றாமல் இருந்ததாம். ஆறு குடும்பம் போய்க் கெஞ்சியது. அவன் வேலி போட்டான். ஒரு படலையைத் திறந்துவிட்டிருந்தால் ஆறு குடும்பமும் தப்பியிருக்கும். மனிதன் எவ்வளவு கொடியவன் பார் மலர். எனக்கு இரத்தம் கொதித்தது.

நம்முடைய விசயம்: ஒரு லோயரைப் பார்த்தேன். ஒப்பந்தம் எழுதாமல் காணிக்குள் ஆட்களை விட்டால் பின்னால் பெரிய தலையிடி என்கிறார். முறையாக எழுதி அனுப்பச் சில மாதம் ஆகும். அதுவரை ஒருவரையும் இறங்க விடவேண்டாம். இந்தப் போகம் துருசடி முழுவதையும் நீங்களே விதையுங்கள். நல்ல விளைச்சல் கிடைக்கும்.

அன்புடன் அண்ணை,
இரத்தினவேல்


விளாத்திமோட்டை
17.05.1992

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடமில்லை.

வேலி போட்டவனின் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, எனக்குத் தெரியும். இரத்தினவேல்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம், இவ்வளவு இரக்கமாக எழுதுகிறாரே, அடுத்த பக்கத்தில் அந்த இரண்டு வரி இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் தரம் என் கண்ணில்தான் பிழையோ என்று பார்த்தேன். மூன்றாம் தரம் இவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இவர் கெட்ட வார்த்தை பேசாத மனுசன். எழும்பி வெளியே போய்விட்டார். அறுபது வருடத்துக்கு முன் எவனோ வெள்ளைக்காரன் மூடிய படலைக்கு உங்களுக்கு இரத்தம் கொதிக்கிறது. உங்கள் கையில் இருக்கிற படலைக்கு லோயர் வேண்டும். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். நீங்கள் அனுப்பிய கடிதமும் கருவாடுதான் அண்ணை. எங்களுக்கு அடிக்கக் கூரையும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதம் வரமுன்னமே விதைப்பு நாள் வந்துவிட்டது. கூட்டத்தில் இவர் எழும்பி, "அண்ணையின்ர கடிதம் இன்னும் வரேல்லை" என்று சொன்னார். சொல்ல வேறு என்ன இருந்தது? கோயில் ஒழுங்கையார் கேட்டார்கள்: "அப்ப துருசடியை நீங்கள் தனிய விதைக்கப் போறியளோ? அப்பிடியெண்டால் எங்கட வயலுக்கும் தண்ணி திறவுங்கோ. குளம் எல்லாருக்கும் பொதுதானே?" ஆளுக்காள் தங்கள் தங்கள் வயலை விதைத்தார்கள். இருந்த தண்ணீரை இரண்டு மைல் தூரத்துக்குத் திறந்துவிட்டோம். எட்டு ஏக்கருக்குப் போதுமான தண்ணீர் அறுபது ஏக்கரைத் தேடிப் போனது. மூன்றாம் தண்ணீருக்குத் துருசைத் திறந்தபோது சேறு வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. மரியம்மாவின் வயலுக்கு ஒரு தரமும் போய்ச் சேரவில்லை.

உங்கள் எட்டு ஏக்கரில் நாங்கள் விதைத்ததும் ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகி நிற்கிறது. தானும் படுக்கான், தள்ளியும் படுக்கான் என்று நம்முடைய அம்மா யாரைச் சொல்லுவா என்று இப்போது ஞாபகம் வருகிறதா?

ஜெயமலர்


வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
21.06.1992

மலருக்கு,

மூத்த சகோதரனுக்கு எழுதும் கடிதமா அது? மச்சாள் வாசித்துவிட்டு அழுதாள்.

மழை பெய்யாததற்கும் நானா பொறுப்பு? என்னை என்னவென்று நினைத்தாய்? இங்கே நான் சிம்மாசனத்தில் இருக்கவில்லை. நாள் முழுக்க நின்று ஆசனம் தைக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர், என்னைவிட இருபது வயது இளையவன், ஒரு தையல் பிழைத்தால் எல்லோருக்கும் முன்னால் "யூ பீப்பிள்" என்று தொடங்குவான். நான் என்ன தவறு செய்தேன் என்று பார்க்கமாட்டான், நான் எந்தக் கூட்டம் என்றுதான் பார்ப்பான். குசினியில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் தன் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவும் விடமாட்டான். அந்த அவமானத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு நிற்பது எதற்காக? ஊரில் எனக்கென்று ஒரு மரியாதையான காணி இருக்கிறது, நான் இன்னாருடைய மகன், என்ற ஒரு நினைப்பில்தான். அதையும் பிய்த்துப் பங்கு போடு என்கிறாய்.

நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று எப்போது சொன்னேன்? நீ அனுப்பியது பதின்மூன்று பெயர் என்றால் அன்றைக்கே தந்தி அடித்திருப்பேன். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. நீயும் அப்பாவின் பிள்ளைதான், உனக்கு விளங்கும்.

ஸ்பொன்சர் கடதாசி பற்றி நீ இனி எனக்கு எப்படி எழுதுவாய் என்று பார்க்கிறேன்.

இரத்தினவேல்


விளாத்திமோட்டை
26.07.1992

அண்ணைக்கு,

விளங்கிவிட்டது. பெயர் கேட்டபோதே விளங்கியது, அதனால்தான் பேனையை வைத்தேன். நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன், கடுதாசிக்குத் தீட்டு இல்லை. மரியம்மாவின் சனத்துக்கு நாங்கள் செம்பில் தண்ணீர் கொடுப்பதில்லை, சிரட்டையில் வார்ப்போம். அவள் படலைக்கு வெளியே நிற்பாள், நான் உள்ளே நிற்பேன். அவள் அப்பாவின் துருசடியில் இறங்கி, முதல் தண்ணீர் அவள் காலில் படுவதை உங்களால் தாங்க முடியவில்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தும் தாங்க முடியவில்லை. சூப்பர்வைசர் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளிவைத்தால் மட்டும் வலிக்கிறது.

ஒரு விசயம் நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயது. அந்த வருடமும் மழை இல்லை. துருசடியைப் பங்கு பிரித்தார்கள். எந்தப் பங்கு யாருக்கு என்று திருவுளச் சீட்டுப் போட்டார்கள். சின்னப் பிள்ளைதான் சீட்டு எடுக்கவேண்டும் என்பது வழக்கம், என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். பித்தளைச் செம்பை நீங்கள் பிடித்திருந்தீர்கள், உங்களுக்குப் பதினாறு வயது. முதல் சீட்டு, துருசு வாயோடு ஒட்டிய பங்கு. நான் எடுத்தேன். மரியம்மாவின் தகப்பன் சூசையின் பெயர் வந்தது. அப்பா சொன்னார்: "பிள்ளை பாத்து எடுத்திட்டுது. செல்லாது. திருப்பி எடு."

நான் பார்க்கவில்லை அண்ணை. எனக்கு அப்போது வாசிக்கவே சரியாக வராது.

அந்தத் துண்டை அப்பா உங்களிடம் தந்தார். நீங்கள் செம்புக்குள் போடவில்லை, கைக்குள் பொத்தி வைத்திருந்தீர்கள். மற்றச் சீட்டெல்லாம் நான் எடுத்து முடித்த பிறகு கடைசியாக விட்டீர்கள். சூசைக்குக் கடைசிப் பங்கு. தண்ணீர் அங்கே போகவில்லை. கோயிலடியில் அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருடம் அவர்கள் ஊரை விட்டுப் போய், இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தார்கள். வரும்போது சூசையின் மனைவி இல்லை.

இந்த முறை மரியம்மா ஆடிப் பிறப்புக்கு அடுத்த நாள் போனாள். அன்றைக்கு அடித்த காற்றில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. குளத்து மண் முழுவதும் ஊருக்குள் நின்றது. பிள்ளைகள் இரண்டும் முகத்தில் துணி சுற்றியிருந்தன. மன்னார்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். என்னிடம் கடிதம் வந்ததோ என்று அவள் கேட்கவில்லை. ஒழுங்கையாரும் நாலு குடும்பம் போய்விட்டார்கள். சண்டையில் செல்லடிக்குப் பயந்து எத்தனை தரம் ஓடினோம், ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தோம், ஏனென்றால் வயல் இருந்தது. இந்தப் புழுதிக்குப் போகிறவர்கள் கதவையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.

உங்களைமட்டும் சொல்லிவிட்டுத் தப்ப எனக்கு மனம் வரவில்லை. விதைப்பு நாளில் இவர் என்னிடம் சொன்னார்: "உன்ர அண்ணர் எழுதாட்டில் என்ன? நாங்கள் பிரிப்பம். கடிதம் வந்தாப் பிறகு அவரோடை நான் கதைக்கிறன்." நான்தான் மறித்தேன். உங்களைக் கோபப்படுத்தினால் ஸ்பொன்சர் கடதாசி வராது என்று பயந்து மறித்தேன். என் ஒரு குடும்பம் கனடா போவதற்காகப் பதின்மூன்று குடும்பத்தை வெயிலில் நிறுத்தினேன். எட்டு வயதில் எடுத்த சீட்டுக்கு நான் பொறுப்பில்லை. நாற்பத்திரண்டு வயதில் செய்ததற்கு நானே பொறுப்பு.

அந்தக் கடதாசியை இனி அனுப்பவேண்டாம்.

ஜெயமலர்


வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
30.08.1992

அன்பின் மலருக்கு,

இத்துடன் பதிவுத் தபாலில் என் சம்மதக் கடிதத்தை அனுப்புகிறேன். லோயர் முன்னிலையில் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தியது. நிபந்தனை ஒன்றும் இல்லை. குளம் வற்றும் எந்த வருடத்திலும் துருசடி எட்டு ஏக்கரையும் ஊர் பிரித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன். முதல் பங்கு மரியம்மாவுக்கு என்றும் எழுதச் சொன்னேன். லோயர் அப்படிப் பெயர் குறிப்பிடத் தேவையில்லை என்றார். நான் விடவில்லை.

சீட்டு விசயம் உனக்கு ஞாபகம் இருக்காது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் வேரோனிக்காவிடம் அந்த வேலிக்காரனின் பெயரைக் கேட்டேன். தனக்குத் தெரியாதாம். தகப்பன் சாகும்வரை அந்தப் பெயரை வீட்டில் சொல்ல விடவில்லையாம். எதற்குக் கேட்கிறாய் என்றார். என் ஆங்கிலம் அதற்குக் காணாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மச்சானின் இருமல் எப்படி? நீ ஒரு வரியாவது எழுது. பெரும்போகத்துக்கு முன் இந்தக் கடிதம் கிடைத்துவிடும்.

அண்ணை


மன்னார்
22.11.1992

அண்ணைக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இவருக்கு இருமல் குறைந்திருக்கிறது.

உங்கள் பதிவுத் தபால் ஊரெல்லாம் சுற்றி, விலாசம் விசாரித்து, ஐப்பசிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. நல்ல தடித்த கடுதாசி. சிவப்பு முத்திரை. மூன்று பக்கம் ஆங்கிலம். பாதிரியாரிடம் கொடுத்து வாசிப்பித்தேன். வாசித்து முடித்துவிட்டு, "இதை ஆருக்குக் குடுக்கப் போறியள்?" என்று கேட்டார். கூட்டம் கேட்டது சாதாரணக் கொப்பித் தாளில் தமிழில் இரண்டு வரி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்கள். நீங்கள் அதையும் லோயரைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்திருக்கிறீர்கள்.

ஆவணியில் கிணறும் வற்றியது. கோயில் ஒழுங்கையில் மிச்சமிருந்தவர்கள் போனார்கள், பிறகு நம்முடைய சொந்தங்கள் போனார்கள். கடைசியாக நாங்கள். மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம், வாங்க ஆள் இல்லை. வரும்போது குளக்கட்டில் ஏறி ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். குளத்துக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எல்லாம் ஒரே நிறம். உங்கள் காணி பத்திரமாக இருக்கிறது. அதில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

பத்து நாளாக இங்கே மழை. அங்கேயும் பெய்கிறதாம். திரும்பிப் போவதாக ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. விதைநெல்லும் இல்லை, மாடும் இல்லை, பக்கத்து வரம்பில் ஆளும் இல்லாமல் தனியே போய் என்ன செய்வது? நீங்கள் நினைப்பதுபோல் வயல் என்பது காணி உறுதி எழுதின தாளில் இல்லை.

நாங்கள் இங்கே வந்து இறங்கியபோது ஒருவரையும் தெரியாது. பள்ளிக்கூட விறாந்தையில் படுத்திருந்தோம். இரண்டாம் நாள் காலை மரியம்மா வந்தாள். நாங்கள் வந்திருக்கிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. அவளுடைய தங்கை புருசன் அவளுக்குத் தன் வயலில் அரை ஏக்கர் விட்டிருக்கிறார், இந்தப் போகம் விதைக்க. "அக்கா, வாங்கோ" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வரம்பில் நிறுத்தினாள். வாய்க்கால் வாயோடு ஒட்டிய பாதியைக் காட்டி, "உதை நீங்கள் விதையுங்கோ. நான் அங்காலைப் பக்கம் பாக்கிறன்" என்றாள்.

நான் கேட்டேன், "உன்ர தங்கச்சியின்ர மனுசனிட்டைக் கேட்டனியோ? அவர் ஏதும் சொல்லமாட்டாரோ?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "கேட்டனான். பசிச்ச சனத்துக்குத்தானே எண்டார்" என்றாள். அவ்வளவுதான். நேற்று விதைத்தோம். அவளுடைய விதைநெல்.

உங்கள் சம்மதக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். முதல் பங்கு அவளுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவளுக்கு வாசித்துக் காட்ட என்னால் முடியாது அண்ணை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜெயமலர்